விரல் எலும்பு முறிவு: கட்டுப் போட்டால் போதுமா, கம்பி வைக்க வேண்டுமா?

கேள்வி: என் வயது 34. ஐந்து நாட்களுக்கு முன் பந்து பட்டு வலது மோதிர விரலின் அடிக்கணு எலும்பு (உள்ளங்கையை ஒட்டிய விரல் எலும்பு) சாய்வாக முறிந்துவிட்டது. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினால் போதும் என்கிறார் ஒரு மருத்துவர். கம்பி வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: எலும்பு முறிந்திருக்கிறதா என்பதைவிட, விரல் திரும்பியிருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். எக்ஸ்-ரேயில் இது சில சமயம் சரியாகத் தெரியாது. விரல்களை மெதுவாக, முடிந்தவரை மடக்கிப் பாருங்கள். நான்கு விரல்நுனிகளும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். மோதிர விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால், அது திரும்பியிருக்கிறது; அப்படியே விட்டு எலும்பு கூடிய பிறகு பொருளை இறுகப் பிடிக்கும்போதெல்லாம் இடிக்கும். மற்றொரு கையோடு ஒப்பிடுங்கள்; சிலருக்கு இயல்பிலேயே சற்றுச் சாய்வு உண்டு.

விரல் திரும்பாமல், முறிவும் விலகாமல் இருந்தால் சேர்த்துக் கட்டுவதே என் விருப்பம். பெரும்பாலும் 3 முதல் 4 வாரம் போதும். ஆனால் சாய்வான முறிவு கட்டுக்குள்ளேயே நழுவக்கூடியது. அதனால் ஒரு வாரத்துக்குள் மறுபடி எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

விரல் திரும்பியிருந்தாலோ, எலும்பு நழுவினாலோ, முறிவு மூட்டுக்குள் சென்று மேடுபள்ளமாக இருந்தாலோ அறுவை சிகிச்சை வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் அது அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மெல்லிய கம்பியைத் தோல் வழியாகவே செலுத்தலாம், பெரிதாகக் கீற வேண்டியதில்லை; 3, 4 வாரத்தில் எடுத்துவிடுவார்கள். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேட், ஸ்குரூ உறுதியாகப் பிடிக்கும், சீக்கிரம் அசைக்கலாம். ஆனால் திறந்து செய்வதால் விரலை அசைக்கும் தசைநாண் எலும்போடு ஒட்டிக்கொண்டு விரல் விறைக்கலாம். 'அறுவை செய்தால் விரல் பழையபடி ஆகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விறைப்பு கட்டுப் போட்டவர்களுக்கும் வரும், அதுவும் தேவைக்கு மேல் வாரக்கணக்கில் கட்டிவைத்தால். எலும்பு கூடியது எக்ஸ்-ரேயில் தாமதமாகத்தான் தெரியும். அழுத்தினால் வலி இல்லை என்றால், உங்கள் மருத்துவர் அசைக்கச் சொன்னதும் தயங்காமல் தொடங்குங்கள்.

இரண்டு வாரம் தாண்டினால் எலும்பை நேராக்குவது கடினம். ஆகவே இந்த வாரமே கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். அந்த விரலில் மோதிரம் இருந்தால் அதை இன்றே கழற்றுங்கள், வராவிட்டால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.