இங்கிலாந்துல நர்ஸ் வேலை: சம்பளம் எவ்வளவு, கையில நிக்கிறது எவ்வளவு? (கேள்வி பதில்)

இங்கிலாந்துக்கு நர்ஸா வர்றத பத்தி கேட்ட எல்லாருக்கும் சேர்த்து பதில் சொல்றேன். நான் இங்க வார்டுல வேலை பாக்குறேன். கீழ இருக்குற கணக்கெல்லாம் என்ஹெச்எஸ், அதாவது இங்க இருக்குற அரசு ஆஸ்பத்திரிகள்ல 2025-26 பேண்ட் 5 (பதிவு பெற்ற நர்ஸ் தொடங்குற நிலை) சம்பளம், முழு நேர வேலை, அதாவது வாரம் 37.5 மணி நேரம்.

கேள்வி: அக்கா, ஆஃபர் லெட்டர்ல வருஷம் 31,049 பவுண்ட்னு போட்டிருக்கு. மாசம் 2,587 வருது. ரூபாய்க்கு மாத்தி பாத்தா தலை சுத்துது, நிஜமா இவ்வளவு வருமா?

வராதும்மா. பே ஸ்லிப்ப லைன் லைனா பாப்போம். முதல்ல பென்ஷன், இந்த சம்பளத்துக்கு 8.3%, அதாவது மாசம் 215 பவுண்ட் போல. அடுத்து இன்கம் டேக்ஸ், பென்ஷன் கழிச்ச வருஷ சம்பளத்துல முதல் 12,570க்கு வரி இல்ல, அதுக்கு மேல 20%, மாசம் 265 போயிடும். அப்புறம் நேஷனல் இன்சூரன்ஸ்னு அரசு புடிக்கிற இன்னொரு பிடித்தம், பென்ஷன் கழிக்காத சம்பளத்துல 12,570க்கு மேல 8%, அது 123. எல்லாம் போக கையில வர்றது 1,980 பக்கம். ரூபாய்ல பெருக்குறத இன்னையோட விட்டுடுங்க, இங்க வாடகையும் பஸ்ஸும் பவுண்ட்லதான் கட்டணும். முதல் மாசம் டேக்ஸ் கோட் (எவ்வளவு வரி புடிக்கணும்னு பே ஸ்லிப்ல போட்டிருக்குற குறியீடு) 1257எல்னு இருக்கான்னு பாருங்க, வேற ஏதாவது இருந்தா சம்பளம் போடுற பேரோல் ஆபீஸ்ல கேளுங்க, வரி அதிகமா புடிச்சிருக்கலாம், பின்னால திரும்பி வரும்னாலும் கையில காசு இல்லாத முதல் மாசத்துல அது ரொம்ப கஷ்டம்.

இன்னொன்னு, இந்த 31,049 உங்க நர்ஸ் பதிவு எண் (PIN) வந்த பிறகுதான். ஆஸ்கிங்கற (OSCE) செய்முறை பரீட்சை பாஸ் பண்ணி, இங்கத்த நர்சிங் கவுன்சிலான என்எம்சில பதிவு வர்ற வரைக்கும் பெரும்பாலும் அதுக்கு கீழ் நிலையான பேண்ட் 3 இல்லன்னா 4 சம்பளம்தான் போடுவாங்க.

கேள்வி: சிஸ்டர், எனக்கு லண்டன்ல ஒரு ஆஃபர், நியூகாசில்ல ஒரு ஆஃபர். லண்டன்ல 20% அலவன்ஸ் உண்டுன்னு சொல்றாங்க. லண்டன்தானே லாபம்?

இந்த கேள்விதான் நிறைய பேர் கேட்டீங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். இன்னர் லண்டன்ல அடிப்படை சம்பளத்துக்கு மேல 20%, அவுட்டர் லண்டன்ல 15%, ஓரத்துல இருக்குற ஊர்களுக்கு 5%. 31,049க்கு 20% போட்டா வருஷம் 6,200 கூட வருது, மொத்தம் 37,000 தாண்டுது, பாக்க ஜோரா இருக்கும். ஆனா அந்த அலவன்ஸுக்கும் வரி உண்டு, நேஷனல் இன்சூரன்ஸ் உண்டு, பென்ஷனும் உண்டு, அதுக்கும் மேல சம்பளம் கூடுனதால பென்ஷன் 8.3ல இருந்து 9.8% ஆயிடும். கடைசில கையில கூடுறது மாசம் 300 பவுண்ட் அவ்வளவுதான்.

இப்ப வாடகைய பாருங்க. 2025ல அரசு புள்ளிவிவரத்துல லண்டன் சராசரி வாடகை மாசம் 2,200 பவுண்டுக்கு மேல, நியூகாசில் இருக்குற வடகிழக்கு பகுதியில (நார்த் ஈஸ்ட்) 700-800க்குள்ள. சராசரின்னா பெரிய வீடு சின்ன வீடு எல்லாம் சேர்ந்ததுதான், ஆனாலும் 300 பவுண்ட் அந்த இடைவெளிய எந்த மூலைக்கு அடைக்கும்? குடும்பத்தோட வர்றவங்களுக்கு நான் தயங்காம நியூகாசில்தான் சொல்வேன்.

தனியா வர்றவங்க, ஷேரிங் வீட்ல ஒரு ரூம் போதும்னா லண்டன் அவ்வளவு மோசம் இல்ல. பஸ், டியூப் (மெட்ரோ ரயில்) இருக்கறதால கார் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட் வார்டு நிறைய, அடுத்த நிலையான பேண்ட் 6க்கு காலியிடமும் அதிகம். ரெண்டு மூணு வருஷம் அங்க அனுபவம் எடுத்துட்டு வடக்கே மாறுறவங்க உண்டு, அதுவும் நல்ல வழிதான்.

கேள்வி: நைட் டூட்டி, ஞாயித்துக்கிழமை எல்லாம் எடுத்தா எவ்வளவு கூட கிடைக்கும்?

வார நாள்ல ராத்திரி 8ல இருந்து காலைல 6 வரை, அப்புறம் சனிக்கிழமை முழுக்க, மணிக்கு 30% கூட. ஞாயிறும் பப்ளிக் ஹாலிடேயும் 60%. உங்க மணி கூலி 15.88 போல வரும், ஒரு ஞாயிறு லாங் டே (நீளமான பகல் ஷிஃப்ட்) செஞ்சா பிரேக் போக 11.5 மணி நேரத்துக்கு வரிக்கு முன்னாடி 110 பவுண்ட் கூட. ஆனா வாடகைய இத நம்பி முடிவு பண்ணாதீங்க. ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்) உங்க கையில இல்ல, உடம்பு முடியாம போனாலோ கிளினிக் வேலைக்கு மாறினாலோ இது நின்னுடும். அடிப்படை சம்பளத்துல வாடகை கட்ட முடியுதான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: வீட்டுக்காரரையும் ரெண்டு வயசு குழந்தையையும் கூடவே கூட்டிட்டு வரலாமா அக்கா?

நர்ஸ் விசால கூட்டிட்டு வரலாம், அவர் வேலையும் பாக்கலாம், விசாவோட கட்டுற ஹெல்த் சர்சார்ஜ்ங்கற மருத்துவ கட்டணமும் உங்களுக்கு கிடையாது. சிக்கல் குழந்தைய பாத்துக்குறதுலதான். விசால அரசு உதவிக்கு தடை இருக்கும், அதனால வேலை பாக்குற பெற்றோருக்கு தர்ற வாரம் 30 மணி நேர இலவச குழந்தை பராமரிப்பு சலுகை உங்க ரெண்டு பேருக்கும் கிடைக்காது. மூணு வயசு முடிஞ்ச அடுத்த ஸ்கூல் டேர்ம்ல இருந்து எல்லாருக்கும் உள்ள வாரம் 15 மணி நேரம் கிடைக்கும். அதுவரை நர்சரிக்கு முழு நேரம் விட்டா மாசம் 1,000 பவுண்ட சுலபமா தாண்டும். நீங்க வாங்குற சம்பளத்துல பாதி அங்கயே போச்சு. அதனால பல வீடுகள்ல ஒருத்தர் பகல், ஒருத்தர் ராத்திரின்னு ஷிஃப்ட் மாத்தி ஓட்டுறாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதே அபூர்வம். முடிஞ்சா நீங்க முதல்ல வந்து ஆஸ்கி முடிச்சு வீடு பாத்துட்டு, அப்புறம் அவங்கள வரவழைங்க. பிரிஞ்சு இருக்கறது எவ்வளவு வலின்னு தெரியும், ஆனா கடனோட எல்லாரும் சேர்ந்து தவிக்கிறதுக்கு இது மேல்.

கேள்வி: வாடகை தவிர வேற என்ன செலவு வரும்?

டெபாசிட், இங்கிலாந்துல அதிகபட்சம் அஞ்சு வார வாடகைதான் கேக்கலாம், அது சட்டம். கவுன்சில் டேக்ஸ், அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்கு கட்டுற வீட்டு வரி, பெரும்பாலும் வாடகைக்கு இருக்குறவங்கதான் கட்டணும், நம்ம ஆளுங்க பாதி பேருக்கு இது முதல் பில் வரும்போதுதான் தெரியுது. தனியா இருந்தா 25% தள்ளுபடி, கேட்டாத்தான் கிடைக்கும். குளிர்காலத்துல ஹீட்டிங் பில். சின்ன ஊர்னா காரும் வேணும், காலைல 7 மணி ஷிஃப்டுக்கு பஸ் இருக்கான்னு வீடு எடுக்குறதுக்கு முன்னாடியே பாருங்க, ஞாயித்துக்கிழமை டைம்டேபிளையும் சேர்த்து.

கேள்வி: ஏஜென்ட் அஞ்சு லட்சம் கேக்குறாரு, கொடுக்கலாமா?

கூடவே கூடாது தம்பி. வேலை வாங்கி தர்றதுக்கு நர்ஸ்கிட்ட காசு வாங்கறது இங்க தடை. ஏஜென்சிக்கு காசு தர வேண்டியது ஆஸ்பத்திரி. நீங்க கட்டுறது ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடிங்கற ஆங்கில பரீட்சை, என்எம்சி கட்டணம் மாதிரி பரீட்சை செலவுதான், அதையும் சில இடங்கள்ல திருப்பி தர்றாங்க. 2024-25ல வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கறது நல்லா குறைஞ்சு போச்சு, அந்த பயத்த வச்சு இந்த மாதிரி ஆளுங்க காசு பாக்குறாங்க. கோவமா வருது.

கேள்வி: வந்த பிறகு ஊர் புடிக்கலன்னா மாறலாமா?

மாறலாம், ஆனா புது ஆஸ்பத்திரி ஸ்பான்சர் பண்ணணும், விசா மாத்தி வந்த பிறகுதான் அங்க சேரணும். அதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல காசு திருப்பி கட்டணும்னு நிபந்தனை இருக்கான்னு படிங்க. டிக்கெட், ஆஸ்கி ஃபீஸ், முதல்ல தங்க வச்ச செலவு, இதெல்லாம் சீக்கிரம் போனா கேப்பாங்க. எவ்வளவு தொகை, மாசம் போக போக குறையுதா இல்ல கடைசி வரை முழுசான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. ஃபோன்ல சொன்னத நம்பாதீங்க.

கேள்வி: எனக்கு 12 வருஷ ஐசியூ அனுபவம். பேண்ட் 5 அடிமட்டத்துல இருந்துதான் தொடங்கணுமா?

பெரும்பாலும் ஆமா. ரெண்டு வருஷம் ஆனா 33,487, நாலு வருஷம் ஆனா 37,796, அதோட பேண்ட் 5 முடிஞ்சுது. பழைய அனுபவத்த கணக்குல எடுக்க சொல்லி ஹெச்ஆர்ட்ட கேளுங்க, சில இடம் ஒத்துக்கும், ஆனா ஆஃபர் ஏத்துக்கறதுக்கு முன்னாடி கேட்டாத்தான். பேண்ட் 6 தொடக்கம் 38,682, உங்க அனுபவத்துக்கு அது ரொம்ப தூரம் இல்ல. பழைய ஆஸ்பத்திரில இருந்து வென்டிலேட்டர், டயாலிசிஸ் ட்ரெய்னிங் சர்டிபிகேட் எல்லாம் சீல் வச்சு வாங்கிட்டு வாங்க, இங்க வந்த பிறகு அங்க யாரையும் புடிச்சு வாங்கறது பெரும்பாடு.