வாழைமரம் போட்ட நோட்டு

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர் ஆரியங்காவு. செங்கோட்டையிலிருந்து மலையேறிப் போன குடும்பம், வீட்டில் பேச்சு தமிழ்தான். பூட்டனார் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில், ஜப்பான் அரசு அங்கே அடித்த பத்து டாலர் நோட்டுகள் 37 கிடைத்தன. இவற்றுக்கு இன்று என்ன விலை? இதை வைத்தே சேகரிப்பைத் தொடங்க ஆசை. ஒரு வியாபாரி ரஷ்ய ஜார் காலத்து 500 ரூபிள் நோட்டு தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைக்கலாமா? சிலவற்றின் பின்பக்கம் பென்சில் கிறுக்கல் இருக்கிறது. சுத்தமான நோட்டுக்குத்தான் விலை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒன்றை ரப்பரால் அழித்துப் பார்த்தேன், நன்றாகவே போய்விட்டது. ஆச்சிக்கு 91 வயது. நோட்டைக் காட்டினால் சிரிக்கிறாள், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மு.

அன்புள்ள மு.,

புளியரையில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வாரமாக இதே வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. அதனால்தான் கடிதம் கண்டவுடன் எழுதுகிறேன்.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆரம்பத்தில் அடித்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு, ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டு மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளினார்கள். எண் உள்ளது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவை உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. அதை விற்று வீடு கட்ட முடியாது.

ரஷ்ய நோட்டு அழகுதான். மகா பீட்டரின் படம், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஆனால் 1912 என்று போட்டிருப்பதாலேயே ஜார் காலத்தில் அடித்ததாகிவிடாது. ரஷ்ய அரசு வங்கி மேலாளர் ஷிபோவ் கையெழுத்துள்ள அச்சையே வைத்து 1917 புரட்சிக்குப் பிறகும் அடித்தார்கள். அவருக்கு முன்பிருந்த கோன்ஷின் கையெழுத்து என்றால் பழையது. கையில் காசு இருந்தால் வாங்குங்கள், எனக்கு அதில் சொல்ல வேறொன்றுமில்லை. லேமினேட் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் எடுக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை வாங்கிப் போட்டு, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். உங்கள் ஊர் மழைக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி.

இப்போது அந்த ரப்பருக்கு வருகிறேன். தம்பி, உங்களுக்கு அதைச் செய்ய எப்படிக் கை வந்தது? உங்கள் பூட்டனாரின் கையெழுத்து அது. அவர் எழுதிய வேறு ஏதாவது ஒரு வரி உங்கள் வீட்டில் இருக்கிறதா? ‘கிறுக்கல்’ என்கிறீர்கள். என்ன எழுதியிருந்தது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. படிக்காமலே அழித்திருக்கிறீர்கள்.

என் ஆச்சியின் அண்ணனும் மலேயாவில் இருந்தவர்தான். பெரிய தாத்தா என்போம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து 1945இல் ஜப்பான் சரணடையும் வரை அந்த நோட்டில்தான் அவருக்குக் கூலி. கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பான் அரசு உறுதி கூறுகிறது என்று அதில் அச்சடித்திருக்கிறது. யார் தருவார் என்பதற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் தாள் என்று அறிவித்துவிட்டான். தாத்தா அந்தத் தாளை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டே கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, செங்கோட்டைக்கு ரயிலில் வந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கணக்கு நடந்த ஊர். அவர் கையில் ரூபாயும் இல்லை, சக்கரமும் இல்லை. புளியரை வரை நடந்தே வந்தாராம்.

தங்கச்சி என்ன வைத்திருந்தாள் தெரியுமா? மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. 1942இல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா அரிசி வருவது நின்றுபோய், திருவிதாங்கூரே கிழங்கைத் தின்றுதான் அந்த வருஷங்களை ஓட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் தாத்தாவும் அதைத்தான் தின்றிருந்தார். தட்டை அப்படியே தள்ளி வைத்தார். சாகும்வரை அதைத் தொடவில்லை.

அந்த நோட்டில் ஒன்றை நான் 1994 வரை அப்படியே வைத்திருந்தேன். பின்பக்கம் பென்சிலில் மூன்று வரி. ‘மரவள்ளி 2 கட்டி.’ கட்டி என்பது மலேயாவில் எடைக் கணக்கு. அடுத்து ‘கொயினா 4.’ காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிய கணக்கு. மூன்றாவது வரி, ‘சயாம் போன’ என்று தொடங்கி, ஒரு பெயர், பிறகு ‘பாக்கி’. பெயர் சரியாக மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. சயாம் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே? இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காட்டிலேயே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பெயரை எங்கள் தாத்தா எழுதி வைத்திருந்தார். அவன் தாத்தாவுக்குத் தர வேண்டிய பாக்கியா, தாத்தா அவனுக்குத் தர வேண்டியதா, அதுவும் தெரியாது.

நோட்டைச் சட்டம் போடலாம் என்று ஒரு பழைய நாணய வியாபாரியிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். சோப்புத் தண்ணீரில் அலசி, ரப்பர் போட்டுத் தேய்த்து, இஸ்திரி போட்டிருந்தார். ‘புது நோட்டு மாதிரி ஆக்கிட்டேன் சார்’ என்றார், அவ்வளவு சந்தோஷமாக. தாத்தா போய் அதற்குள் பத்து வருஷமாகிவிட்டது. கேட்க ஆளில்லை. வாழைமரம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

மடிப்பே படாத நோட்டைத் தேடுகிறவர்கள் தேடட்டும். அந்த நோட்டு யார் கைக்கும் போகாதது. உங்களிடம் இருப்பது 37 பேர் கையிலோ 370 பேர் கையிலோ போய் வந்தது. அழுக்கோடு இருக்கட்டும்.

அழித்த நோட்டை இருட்டறையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பென்சில் அழுத்திய தடம் தெரியலாம். என்னுடையதில் தெரியவில்லை, இஸ்திரி அதையும் தட்டையாக்கிவிட்டது. மற்ற நோட்டுகளின் பின்பக்கத்தை இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஆச்சி. கணக்குப் பார்த்தால் அவள் அந்த நாளில் பத்து வயதுப் பிள்ளை, தோட்டத்திலேயே இருந்திருப்பாள். விலைப் பேச்சை எடுக்காமல், அழிக்காத ஒரு நோட்டைத் திருப்பி அவள் கையில் கொடுத்து, இதில் அப்பா என்ன எழுதியிருக்கார் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்று சொல்லாவிட்டால் மறுநாளும் கேளுங்கள். ஏதாவது ஒரு பெயர் சொன்னால், அதை உடனே எழுதி எனக்கு அனுப்புங்கள்.