சொல் கேட்போம்: ‘டேக்’ என்றால் எடுப்பதுதானா?

வணக்கம் அம்மா. என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். ‘பேருந்து எடுத்துப் பள்ளிக்குப் போனேன், தேர்வு எடுத்தேன், தலைவலிக்கு மருந்து எடுத்தேன்’ என்று தமிழ்க் கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியர் மூன்றையும் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘டேக்’தானே, ஏன் தவறு என்று கேட்கிறாள். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?
— ஈசூன் வாசகி

உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் நான். என்னை அதிகம் தடுமாற வைத்தவை பெரிய சட்டச் சொற்கள் அல்ல. ‘டேக்’, ‘கெட்’, ‘புட்’ போன்ற சின்னச் சொற்கள்தாம்.

முதலில் அந்த மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். பேருந்தை எடுப்பவர் ஓட்டுநர். ‘வண்டியை எடுங்கள், நேரமாகிறது’ என்கிறோமே, அந்த எடுத்தல். பயணி ஏறுகிறாள், போகிறாள். பள்ளியிலும் அப்படித்தான்: பாடம் எடுப்பவர் ஆசிரியர், மாணவி பாடம் படிக்கிறாள், தேர்வு எழுதுகிறாள். ‘மருந்து எடுத்தேன்’ என்றாலோ, அலமாரியிலிருந்து கையில் எடுத்தது மட்டும் தெரிகிறது. விழுங்கினாளா என்பது தெரியவில்லை. நாம் மருந்து சாப்பிடுகிறோம். மலாய்க்காரர்கள் ‘மாக்கான் ஊபாட்’ என்கிறார்கள், சீனர்கள் ‘ச்சீ யாவ்’ என்கிறார்கள். இரண்டும் மருந்து உண்பதுதான். நம் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று மருந்தை உண்ண, ஆங்கிலம் மட்டும் அதை எடுக்கிறது. உங்கள் மகள் வகுப்புத் தோழிகளிடம் கேட்டே இதைச் சரிபார்க்கலாம்.

இனி, ‘டேக்’ எங்கிருந்து வந்தது? வியப்பு என்னவென்றால், அது ஆங்கிலத்தில் பிறந்த சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கும் பெறுவதற்கும் ‘நிமன்’ என்றொரு வினை இருந்தது. ஜெர்மானியர் இன்றும் சொல்லும் ‘நேமென்’ அதன் உடன்பிறப்பு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடிய வைக்கிங் மக்கள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். ஆங்கிலேயருடன் கலந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய ‘டக்கா’ என்ற வினைதான் ‘டேக்’ ஆனது. ‘எக்’, ‘நைஃப்’, ‘ஸ்கை’, ஏன், ‘அவர்கள்’ என்னும் பொருளுள்ள ‘தே’ கூட அந்த வழியில் வந்தவையே. ‘விண்டோ’வும் அவர்கள் தந்ததுதான், அதன் மூலப் பொருள் ‘காற்றின் கண்’. நம் பழந்தமிழில் சன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் ‘மான்கண் காலதர்’ என்கிறது. காற்றும் உண்டு, கண்ணும் உண்டு! இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

‘டேக்’கின் உறவுச் சொல் ஒன்று மிகப் பழைய கோத்திக் மொழியில் ‘தொடு’ என்ற பொருளில் வழங்கியது. கை வைப்பது, பற்றுவது, தனதாக்குவது என்று ஒவ்வொரு படியாகப் பொருள் விரிந்தது. அதோடு ‘நிமன்’ செய்துவந்த வேலைகள் எல்லாம் அதன் தலையில் ஏறின. இரண்டு சொற்களின் சுமையை ஒரு சொல் தூக்கினால், பொருள் பெருகாமல் என்ன செய்யும்?

‘நிமன்’ முழுதாகச் சாகவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபின் வாய் மரத்துப்போவதை ஆங்கிலத்தில் ‘நம்’ ஆகிறது என்கிறோமே, அந்தச் சொல்லின் முதற்பொருள் ‘பிடிக்கப்பட்டது’. ‘நிமனி’ன் எச்சம் அது. (ஒலிக்காத ‘பி’ எழுத்து பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.) சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ அதன் இன்னோர் எச்சம், சட்டென்று பற்றிக்கொள்ளும் தன்மை என்பது அதன் அடிப்படை. கடைசியில் ‘நிம்’ என்று சுருங்கி, திருடுவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவும் சில காலம் ஓடியது.

இதே கதை நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. தமிழின் பழைய ‘டேக்’, ‘கொள்’ என்பதுதான். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை, ‘கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்று போற்றுகிறது. வாங்கும்போது அதிகம் பெறமாட்டார்கள், விற்கும்போது குறைத்துத் தரமாட்டார்கள். இன்று கடையில் யாரும் ‘அரிசி கொண்டேன்’ என்று சொல்வதில்லை. அந்த வேலையை ‘வாங்கு’, ‘எடு’ இரண்டும் பங்கிட்டுக்கொண்டன. ‘கொள்’ளோ கொள்முதலிலும் கொள்கையிலும் கொண்டவனிலும் தங்கிவிட்டது, ‘எடுத்துக்கொள்’, ‘பார்த்துக்கொள்’ என்று பிற வினைகளுக்குத் துணையாக நிற்கிறது. ‘கொள்ளை’யும் அதன் பிள்ளையே. அங்கே ‘நிம்’ திருட்டில் போய் முடிந்தது, இங்கே ‘கொள்’ கொள்ளையைப் பெற்றது. எடுப்பதற்கும் அபகரிப்பதற்கும் நடுவில் எல்லா மொழிகளிலும் மெல்லிய கோடுதான் போலும்.

அந்தக் கோட்டில் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஊழியர்; காணாமல் போன பணப்பை பற்றிய வழக்கு. பையை ‘டேக்’ செய்தாயா என்பது கேள்வி. ‘எடுத்தேன்’ என்றார் அவர். நானும் அப்படியே ‘டேக்’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். அடுத்த நொடியே நெஞ்சு பதறியது. ‘எடு’வின் அடிப்படைப் பொருள் தூக்குவது, உயர்த்துவது. கண்ணகிக்குக் கோயில் எடுத்தான் சேரன் என்கிறோம், விழா எடுக்கிறோம், பசி எடுக்கிறது, அதாவது எழுகிறது. கீழே கிடந்ததைக் குனிந்து தூக்கியதைத்தான் அவர் சொல்லியிருக்கலாம். நீதிபதியிடம் அனுமதி பெற்று, ‘எடுத்தீர்களா, எடுத்துக்கொண்டீர்களா?’ என்று கேட்டேன். ‘எடுத்து மேசைமேல் வைத்தேன் அம்மா’ என்றார். ஒரு ‘கொள்’ இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே ஒரு மனிதரின் வேலையும் மானமும் இருந்தன. உங்கள் மகளின் ஆசிரியர் சிவப்பு மையைச் சரியான இடத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

‘ஐ வில் சென்ட் யூ ஹோம்’ என்று இங்கே காரில் கொண்டுபோய் விடுபவர்கள் சொல்கிறார்கள். அது பிழையா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

லண்டனில் சொன்னால், உங்களை மட்டும் தனியே அனுப்பிவைப்பதாக நினைப்பார்கள். இங்கே அது புரியக் காரணம் உண்டு. மலாய் ‘ஹந்தார்’, சீனத்தின் ‘சோங்’ இரண்டுமே பொருளை அனுப்புவதையும் ஆளை உடன் சென்று விடுவதையும் குறிக்கும். தமிழில் எழுதும்போது மட்டும் ‘வீட்டுக்கு அனுப்புகிறேன்’ என்று எழுதாதீர்கள். ‘வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்’ என்பதில் உள்ள பரிவு ‘அனுப்பு’வில் இல்லை.

உணவங்காடியில் ‘டேக் அவே’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?
— தோ பாயோ வாசகி

சொல் நம்மிடம் இருக்கிறது: கட்டு. மலாயில் ‘புங்குஸ்’ என்றாலும், சீனத்தில் ‘டாபாவ்’ என்றாலும் பொட்டலமாகக் கட்டுவதுதான். நம் மூன்று மொழிகளும் கடைக்காரரின் கையைப் பார்க்கின்றன. ஆங்கிலம் வாங்கிக்கொண்டு போகிறவரின் முதுகைப் பார்க்கிறது. தேக்காவில் நான் ‘இரண்டு தோசை, கட்டிக் கொடுங்கள் தம்பி’ என்றுதான் கேட்கிறேன். சட்னியையும் சேர்த்துத்தான் கட்டித் தருகிறார்.