ஸ்கேன் செய்த நூலும் மின்னூலும் ஒன்றா?

இல்லை. ஸ்கேன் செய்த நூல் என்பது பக்கங்களின் படம். மின்னூலில் இருப்பவை எழுத்துகள். அதனால்தான் அதில் ஒரு சொல்லைத் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்குள் அடங்கிக்கொள்ளும். புறக்கோட்டைப் புடவைக் கடையில் துணியைப் படமெடுத்து வந்தால் பூவேலை தெரியும். அதை வெட்டித் தைக்க முடியுமா?

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் பழுப்பேறிய என் தாத்தாவின் நூலொன்றை அதில் இட்டுப் பார்த்தேன். கால் குறியையும் ‘ர’வையும் மாற்றிப் போட்டது, யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளை அடையாளமே காணவில்லை. ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தத்தான் வேண்டும்.

அதற்காக ஸ்கேனைக் குறைவாக எண்ணக் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகளுக்கு வேறிடத்தில் ஒரு படமாவது இருந்திருந்தால்! 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களைப் படமாக்கிச் சேர்த்துவருவது அந்த வலி தெரிந்த வேலை.

இணையத்தில் படிக்கக் கிடைப்பதாலேயே ஒரு நூல் பொதுச்சொத்து ஆகிவிடாது; இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும்.