கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஐயா, "பிரம்பைக் கீழே வைத்ததும் வெள்ளைக்காரன் பள்ளிக்கூடமே கெட்டுப்போச்சு" என்பார் என் தாத்தா. பிரிட்டனில் பிரம்படி எப்போது நின்றது? பெற்றோரே சம்மதித்தால் ஆசிரியர் ரெண்டு தட்டு தட்டுவதில் என்ன தப்பு?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

அரசுப் பள்ளிகளில் 1987, இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் 1999. அரசுப் பள்ளித் தடைக்கான 1986 வாக்கெடுப்பு பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 231க்கு 230, ஒரே ஓட்டில் ஜெயித்தது. தாத்தாவோடு எனக்குச் சண்டை வேண்டாம். ஆனால் 'பெற்றோரே சம்மதித்தால்' என்று எழுத உங்களுக்கு எப்படித் தம்பி மனசு வந்தது?

1860-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், படிப்பு ஏறாத பையன் ஒருவனைக் கைத்தடியாலும் ஸ்கிப்பிங் கயிறாலும் அடித்தே கொன்றார். காயம் தெரியாதபடி உடலுக்குக் கையுறையும் நீளக் காலுறையும் மாட்டியிருந்தது. கடுமையாக அடிக்கலாமா என்று முன்பே அப்பாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார் ஹாப்லி, அப்பாவும் சரி என்றிருக்கிறார். ஹாப்லிக்கு 4 வருஷம் தண்டனை. ஆனால் அதே வழக்கில் நீதிபதி காக்பர்ன், பெற்றோரின் அதிகாரம்தான் ஆசிரியர் கையில் இருக்கிறது, அளவோடு அடிக்கலாம் என்று சொல்லிவைத்தார். அந்த 'அளவோடு' நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

என் அப்பா கடிதம்கூட எழுதவில்லை. மூன்றாம் வகுப்பில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்றார். சார் சிரித்தார். அப்பாவின் விரலைப் பிடித்திருந்தேன், மெல்லக் கழற்றிவிட்டுப் போனார். அந்த வருஷம் பள்ளியில் என்ன நடந்தாலும் நான் வீட்டில் சொன்னதில்லை. யாரிடம் சொல்ல?

ஸ்காட்லாந்தில் அப்போது பிரம்புக்குப் பதில் தோல் வார், நுனியை வாலாகக் கிழித்திருப்பார்கள், உள்ளங்கையில் விழும். அதைச் செய்வதற்கே பேர்போன ஊர் லாக்கெல்லி. பக்கத்து ஊர் கவுடன்பீத்தில் 1976-ல் ஒரு பையன் கல்லறைத் தோட்டம் வழியே குறுக்கே வீட்டுக்குப் போனதற்கு வாரடி என்றார்கள். கையை நீட்ட மாட்டேன் என்றான். அப்படிச் சொல்லச் சொன்னது அவன் அப்பா, செந்தில்! பள்ளியை விட்டு நிறுத்தினார்கள், அடிக்க மாட்டோம் என்று உறுதி தராமல் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நின்றுவிட்டார்கள். அம்மா ஜேன் கோசன்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், கிரேஸ் கேம்பெல் என்ற இன்னொரு தாயும் போனார். 1982-ல் இருவரும் ஜெயித்தார்கள். 1986 சட்டத்துக்கு நெருக்கியது அந்தத் தீர்ப்புதான்.

உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் நாளைக்கே போய் டீச்சரிடம் அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள்.