சுண்ணாம்பு மூட்டையைக் கீழே வையுங்கள்

ஐயா, விடுதியில் மிஞ்சும் சோற்றை என்சைமால் சர்க்கரைக் கரைசலாக்கி, பேக்கரி ஈஸ்ட் போட்டு லாக்டிக் அமிலம் எடுக்கப் பார்க்கிறோம். மக்கும் பிளாஸ்டிக் செய்வதுதான் நோக்கம். புளிப்பு ஏற ஏறச் சுண்ணாம்பு சேர்த்து பிஎச் 6-இல் நிறுத்துகிறோம். ஆனாலும் சாராய வாடைதான் தூக்கல். எந்த நிறுவனத்தின் ஈஸ்ட் நல்லது? மானியம் கிடைக்குமா?
– ஒரு பொறியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எந்த நிறுவனத்து ஈஸ்டும் ஒன்றுதான். மானியப் பேச்சு இப்போது வேண்டாம். குப்பைக்குப் போகும் சோற்றில் மாவுச்சத்தைப் பார்த்தீர்களே, அதற்காக எழுதுகிறேன். இந்தச் சுண்ணாம்பு விஷயம் வேறு நெடுநாளாக மனத்தை அரிக்கிறது.

பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை பாதி உடைந்து வரும் பைருவேட்டை மேலும் உடைத்துச் சாராயமும் கரியமில வாயுவும் ஆக்கும். லாக்டிக் அமிலம் அதன் வழி அல்ல. பிறகு ஏன் புளித்தது? பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் அதே பாக்டீரியா உள்ளே புகுந்திருக்கிறது. பிஎச் குறையக் குறையப் புளிப்பு கூடும்; ஈஸ்டுக்கு பிஎச் 4.5 போதும். 6-இல் நிறுத்தி நீங்கள் ஊட்டி வளர்த்தது பாக்டீரியாவை! இதை யோசிக்காமல் மூட்டையைப் பிரிக்க என்னம்மா அவசரம்? புகுந்தவை எல்-, டி- என, கண்ணாடி பிம்பம் போன்ற இரு வடிவ அமிலத்தையும் கலந்து தரும். அந்தக் கலப்பில் செய்த பிளாஸ்டிக் படிகமாகாது, 60 டிகிரிக்குள் இளகிவிடும்.

சுண்ணாம்புக் கணக்கையும் பாருங்கள். பிஎச் 6-இல் அமிலத்தில் 99 சதவீதம் உப்பாக, கால்சியம் லாக்டேட்டாக நிற்கும். 1,000 கிலோ அமிலத்துக்குச் சுமார் 410 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு போட வேண்டும். பிறகு அந்த உப்பிலிருந்து அமிலத்தைப் பிரித்தெடுக்க 545 கிலோ கந்தக அமிலம். கடைசியில் 955 கிலோ ஜிப்சம் சேறு. ஒரு குப்பையைத் தீர்க்கப் போய் ஏறக்குறைய அதே எடைக்கு இன்னொரு குப்பை! பிஎச் 3-இல் நொதித்தால் 88 சதவீதம் தனி அமிலமாகவே இருக்கும். அந்தப் புளிப்பைத் தாங்குவது ஈஸ்ட், பாக்டீரியா அல்ல. ஈஸ்டைத் தேடுவதற்கே காரணம் இதுதான்.

அதற்கு, சாராயம் ஆக்கும் டிகார்பாக்சிலேஸ் மரபணுவை நீக்கி, பைருவேட்டை லாக்டிக் அமிலமாக்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்சைமின் மரபணுவைச் சேர்த்த ஈஸ்ட் வேண்டும். கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தொட்டியை இறுக மூடவும் கூடாது: அமிலத்தை வெளியே தள்ளவே அந்த ஈஸ்டின் ஆற்றல் தீர்ந்துவிடும், கொஞ்சம் காற்று கிடைக்க வேண்டும்.

முதலில் இதைச் செய்யுங்கள். 200 மில்லி கரைசலை 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (கிருமி கொல்லும் அழுத்த நீராவிக் கலன்) வைத்து, ஆறியதும் ஈஸ்ட் போடாமல் 30 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள். ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு 200 மில்லியையும் பக்கத்தில் வையுங்கள். வைக்காதது மட்டும் புளித்தால், புளிக்க வைத்தது புகுந்த பாக்டீரியாதான். மறுநாள் இரண்டின் பிஎச்சையும் எனக்கு எழுதுங்கள்.