அப்புறம் என்ன ஆச்சு?

அன்புள்ள ஐயா,
எங்கள் ஆச்சி கதை சொன்னால், ராஜகுமாரனுக்குக் கல்யாணம் முடித்து ஊருக்கே சாப்பாடு போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். இப்போது வரும் சிறுகதைகளில் பாதிப் பந்தியிலேயே இலையை எடுத்துவிடுகிறார்கள். மேல்நாட்டு நவீனத்துவம் நம் கதையைக் கெடுத்துவிட்டதா?
ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கெடுக்கவில்லை. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று நம்மைக் கேட்க வைப்பது ஆச்சியின் வித்தை. ரஷ்ய எழுத்தாளர் செக்காவும், 1914இல் 'டப்ளினர்ஸ்' சிறுகதைத் தொகுப்பை வெளியிட்ட அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஜாய்ஸும் அந்தக் கேள்வியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஆளின் மனசுக்குள் என்ன நகர்கிறது என்று பார்த்தார்கள். தமிழில் அது வேர்பிடித்த இடம் 'மணிக்கொடி'. 1933இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை 1935இல் பி.எஸ். ராமையா சிறுகதைக்கென்றே ஆக்கினார்.

மணிக்கொடி எழுத்தாளர் கு.ப.ரா.வின் (கு.ப. ராஜகோபாலன்) 'விடியுமா?' கதையைப் பாருங்கள். சென்னையில் கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. மனைவி குஞ்சம்மாளும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலேறுகிறார்கள். விடியும்போது அவர் இல்லை. முடிவு தந்தியிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. ஆனாலும் நாம் படிப்பது, அந்த ராத்திரி முழுக்க நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வருவதைத்தான். ரயிலில்தான் கதை, ஆஸ்பத்திரியில் இல்லை.

அதற்காக எல்லாம் மேல்நாட்டு அச்சு என்று நினைக்க வேண்டாம். ஜாய்ஸ் தன்னை மறைத்துக்கொள்வார். மணிக்கொடியில் எழுதிய புதுமைப்பித்தனோ 'பொன்னகரம்' கதையின் கடைசியில் நேராக நம் முகத்தைப் பார்த்து ஒரு அதட்டுப் போடுகிறார். கதைசொல்லி எங்கும் போய்விடவில்லை, குணம்தான் மாறிவிட்டது. (புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் நம் காரைக்குடியில் 'ஊழியன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர்தான்.)

நம் செட்டிநாட்டுப் பக்கத்து விஷயத்துக்கே வருகிறேன். அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்புவார். கப்பல், கடை, லாபம் எல்லாம் பழைய கதைக்குத் தோதானவை. அந்த மூன்று வருடமும் வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில், தன் அறையைப் பூட்டித் திறந்துகொண்டிருந்த பெண்? அவளுக்கு 'நடந்தது' ஒன்றுமில்லை. கடிதம் வந்ததா என்று வீட்டு முகப்புவரை போய்த் திரும்பியிருப்பாள், அவ்வளவுதான். ஆச்சிக்கு அதில் கதை கிடையாது. ஒருவேளை அந்தப் பெண்ணே ஆச்சியாக இருந்தாலும்கூட. கு.ப.ரா.வுக்கு அது போதும்.

சரி, உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. முடிக்கத் தெரியாமல் நிறுத்திவிட்டு நவீனம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இன்று நிறைய. அவர்களை ஆச்சியிடம் அனுப்பலாம். நீங்கள் கு.ப.ரா.விலிருந்து தொடங்குங்கள், அடுத்து புதுமைப்பித்தன். அதே மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர் மௌனியை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், அவர் காத்திருப்பார்.